லூசியம்மாளுக்கு வெள்ளிக் கண்

மத்தியானச் சாப்பாடு முடிந்தால் சாந்தோம் சவேரியார் சந்தில் எல்லா வீட்டிலும் பாய் விரிப்பார்கள். கடைசி வீட்டில் மட்டும் மேசையை இழுப்பார்கள். மேற்கு ஜன்னலுக்கு நேரே மேசை, மேசைமேல் பித்தளை மைக்ராஸ்கோப், அதன் அடியில் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட ஒரு வெள்ளைக் காகிதம். மர்சலின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிவாள். அவள் முதுகுக்குப் பின்னால் புருஷன் அகஸ்டின் பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பான். அவள் எண்களைச் சொல்லச் சொல்ல, அவன் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டே போவான். படித்தவர்கள் வீட்டுக் கிறுக்கு எதையும் சாந்தோம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ கணக்குப் போடுகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அகஸ்டின் சூரியனைப் படித்தவன். மலைமேல் ஒரு அப்சர்வேட்டரி இருக்கிறது. அங்கே மேகம் இல்லாத நாளெல்லாம் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்து அடுக்கி வைப்பார்கள். அந்தத் தகடுகள் பெட்டி பெட்டியாக அவனுடைய புரொபசர் பவுல்சாமி பேருக்கு வரும். அவர் மூலம் இந்த வீட்டுக்கு வரும். தகட்டில் சூரியன் கறுப்பு, அதன் மேலிருக்கிற கரும்புள்ளி வெளுப்பு, எல்லாம் தலைகீழ். மைக்ராஸ்கோப்புக்குள் ஒரு சிலந்தி நூல் கட்டியிருக்கும். திருகைச் சுழற்றி அந்த நூலைப் புள்ளியின் நட்டநடுவில் நிறுத்தி, இன்றைக்கு எங்கே இருக்கிறது, மறுநாள் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். அப்படி அளந்து அளந்துதான் அகஸ்டின் டாக்டர் பட்டம் வாங்கினான். அளந்த கண் மட்டும் அவனுடையது இல்லை.

அவனுக்கு இடது கண் பிறவியிலேயே மந்தம். வலது கண்ணை வைத்துத்தான் படித்து மேலே வந்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் டெலஸ்கோப்பில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சூடு தாங்காமல் கறுப்புக் கண்ணாடி விண்டுபோய் வெயில் நேராகக் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. நடமாடுவான், பெரிய எழுத்தைப் படிப்பான், காலேஜில் பாடம் நடத்துவான். நூலும் புள்ளியும் போன வழி தெரியாது. கணக்கில் பி.ஏ. படித்து, கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த மர்சலின், அவன் அழுததைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் மேசை முன்னால் போய்க் குனிந்தாள். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்துக் குனிந்தவள், பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டு நாலு வருஷமாக நிமிரவில்லை.

வெளியே யாருக்கும் சொல்லவில்லை. கண் போனவனுக்கு வானத்தில் என்ன வேலை என்று கேட்டுவிடுவார்கள். அகஸ்டினின் அம்மா ஆரோக்கியமேரிக்குத் தெரியும். அவள் வாயையும் கட்டி வைத்திருந்தார்கள். பாவம், அந்த அம்மாளுக்கு வாயைக் கட்டுவது என்றால் மூச்சைக் கட்டுகிற மாதிரி. ஆனாலும் மகனுக்காகக் கட்டினாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்று வந்தால் அது அரிசிக்குத்தான் வரும். கடல் காற்றுக்குத் தகட்டில் பூஞ்சை ஏறும் என்று, ஈரத்தை இழுக்க மர்சலின் அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து தகட்டுப் பெட்டிக்குள் போட்டு வைப்பாள்.

"இன்னாமே இது அநியாயம்? ரேஷன்ல கியூல நின்னு புழுத்த அரிசி வாங்கியாறேன். வவுத்துக்கே பத்தல, சூரியனுக்குப் படி அளக்குறியா?"

"ஒரு பிடிதான் அத்தே."

"ஒரு பிடி ஒரு பிடின்னுதான் சொல்லிக்கினு கீற. அந்தச் சூரியன் நம்மளுக்கு இன்னா பண்ணுச்சு? எம்புள்ள கண்ணத் தின்னுச்சு. இப்ப அரிசியும் துன்னுது."

யுத்தம் முடிந்த மறு வருஷம், டாக்டர் பட்டம் வாங்கினவர்களுக்கு அந்த அப்சர்வேட்டரியில் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் என்று அறிவித்தார்கள். இருந்தது ஒரே இடம். மூன்று வருஷம் மலையிலேயே குடியிருந்து வேலை செய்யலாம், வீடும் தருவார்கள். பவுல்சாமி அகஸ்டினைப் பற்றி எழுதிய சிபாரிசில், இவனைப் போல் கூர்மையாக அளக்கிறவனை நான் கண்டதில்லை என்று எழுதியிருந்தார். தேர்வில் அகஸ்டின் பேர் முதலாவதாக வந்தது. மயிலாப்பூர்ப் பையன் சுவாமிநாதன் இரண்டாவது. டாக்டரிடம் கண் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

அகஸ்டினுக்கு அது நல்ல உத்தியோகம். மர்சலினுக்கு அது உயிர். மலையில் நாற்பது வருஷத்துச் சூரியன் அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கிறதாம். அவளுக்கு இதுவரை வந்ததெல்லாம் அதில் ஒரு மூலை. புள்ளிகள் ஜோடி ஜோடியாக வரும்போது முன்னால் போகிறது ஒரு வேகத்தில் ஓடும், பின்னால் வருகிறது தயங்கும். அதை முதலில் கவனித்தவள் அவள்தான். ஆராய்ச்சிக் கட்டுரையில் அது அகஸ்டின் எழுதிய மூன்றாவது அத்தியாயமாகப் போனது. அதில் அவளுக்கு அப்போது வருத்தம் இல்லை. மீதியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புருஷன் தகடுகளை வீட்டுக்கு எடுத்து வருவான், தான் அளக்கலாம் என்று கணக்குப் போட்டு, இரண்டு பேருக்கும் கம்பளி ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

கண் பரிசோதனைக்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். தனக்குத் தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், சுவரில் மாட்டியிருக்கிற எழுத்து அட்டையை மனசில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதினாள். ஜெபமாலை சொல்கிற மாதிரி தினமும் அவனைச் சொல்ல வைத்தாள்.

"நாலாவது வரி?"

"எல்... பி... எஃப்... டி."

"பிக்கு அடுத்தது எஃப் இல்லைங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மர்சலின், இது பாவம் இல்லையா?"

"பாவந்தான். மலைக்குப் போய் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம். நாலாவது வரி?"

கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அகஸ்டின் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தான். ஆரோக்கியமேரி நெத்திலிக் கருவாடு அலசிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகக் கட்டுமரம் இறங்கவில்லை, கருவாடுதான் கதி.

"இன்னாடா சொன்னாங்கோ?"

"பாஸும்மா. கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு."

அந்த அம்மாள் கருவாட்டுக் கையோடு எழுந்து நின்றாள். "நல்லா கீதுன்னா எழுதினாரு?"

"ஆமாம்மா."

"சேசு மரி சூசையே!" என்று அப்படியே ஈரத் தரையில் முழங்காலிட்டுவிட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா சந்தோஷமாக இருக்கட்டுமே என்றான் அகஸ்டின். அட்டை விஷயத்தை அம்மாளிடம் சொன்னால் அது நேரே பங்குச்சாமியார் காதுக்குப் போய்ச் சேரும் என்று மர்சலினும் பேசாமல் இருந்துவிட்டாள்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மகன் கண் போன நாளிலிருந்து ஆரோக்கியமேரி லூசியம்மாளுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். கண்ணுக்கென்று இருக்கிற புனிதவதி, அர்ச்சியசிஷ்டவள் லூசியம்மாள். இவர்களுடைய சின்னப் பங்குக் கோயிலில், ஒரு தட்டில் இரண்டு கண்ணை ஏந்திக்கொண்டு அவளுடைய சுரூபச் சிலை நிற்கும். கண்ணைத் திருப்பிக் கொடுத்தால் வெள்ளிக் கண் வைக்கிறேன் என்பது நேர்ச்சை. கொடுத்துவிட்டாளே! டாக்டரே எழுதிவிட்டாரே! இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? பெட்டியடியில் கிடந்த தன் பழைய கொலுசை எடுத்துக்கொண்டு மழையில் குடைகூட இல்லாமல், வெள்ளிக் கண் அடிக்க மயிலாப்பூர் பத்தரிடம் போனாள். திரும்பும்போது, கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை காஸ்பரிடம் நன்றிப் பூசைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். மகனுக்கும் மருமகளுக்கும் சொல்லவில்லை, கோயிலில் கேட்டு மலைத்துப் போகட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. கோயிலில் ஈரப் புடவை வாசனையும் மெழுகுவர்த்திப் புகையும். மர்சலின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் மாமியாரோடு முழங்காலில் இருந்தாள். ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் வழக்கம்போல் புரொபசர் பவுல்சாமி. அவருக்கு இரண்டு பெஞ்ச் தள்ளி அகஸ்டின். பிரசங்கத்துக்கு முன்னால் பங்குச்சாமியார் அந்த வாரத்துப் பூசைகளை வாசித்தார்.

"வருகிற வெள்ளிக்கிழமை அர்ச்சியசிஷ்ட லூசியம்மாள் திருநாள். காலைப் பூசை சவேரியார் சந்து ஆரோக்கியமேரியின் வேண்டுதல் கருத்துக்காக. நாலு வருஷமாகப் பார்வை இழந்திருந்த தன் குமாரன் டாக்டர் அகஸ்டினுக்கு, அர்ச்சியசிஷ்டவளின் மன்றாட்டினால் பார்வை திரும்பி வந்ததற்கு நன்றியாக, வெள்ளிக் கண் காணிக்கையோடு."

மர்சலினுக்குக் காது அடைத்துப்போனது. மாமியார் அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துக் கோபப்படக்கூட முடியவில்லை. கோயிலே திரும்பி அகஸ்டினைப் பார்த்தது. புரொபசர் மட்டும் திரும்பவில்லை.

பூசை முடிந்து வாசலில் காஸ்பர்தான் முதலில் ஓடி வந்து அகஸ்டின் தோளைத் தொட்டான்.

"இன்னாப்பா அகஸ்டினு, கண்ணு தெரியாமயா இருந்துச்சு உனுக்கு? தெனிக்கும் பாத்துக்கினு கீறேன், ஒரு வார்த்த சொல்லலியே நைனா! அற்புதம், புதுமைதான் போ. சாமியாரே மலைச்சுப் பூட்டாரு."

பவுல்சாமி குடையை விரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். வயசானவர், கறார்க்காரர், அகஸ்டினைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர்.

"நாலு வருஷமாவா அகஸ்டின்?" என்றார்.

"சார்..."

"இங்க வேணாம். சாயந்திரம் வீட்டுக்கு வரேன்."

அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது, யாரும் சாப்பிடவில்லை. ஆரோக்கியமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நாளில் இதுங்க ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு கீதுங்க என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்தாள். மேசை இழுக்கவில்லை. அகஸ்டின் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான்.

"மர்சலின், நான் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"நீதான் அளந்தேன்னு. முதல் தகட்டுலேருந்து கடைசித் தகடு வரைக்கும் எல்லாம் உன் கண்ணுன்னு சொல்லிடறேன். போறது போவட்டும். இவ்வளவு நாள் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தாச்சு."

மர்சலினுக்கு ஃபெல்லோஷிப் கையைவிட்டுப் போகிறது என்கிற துக்கம்தான் முதலில் வந்தது. ஆனால் அதோடு கூடவே வேறொன்றும் வந்தது. சொல்ல வெட்கம்தான், சந்தோஷம் வந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளுடையதை அவளுடையது என்று ஒருத்தர் வாயால் சொல்லப் போகிறார். அவள் போய் முகம் கழுவிக்கொண்டு, இருக்கிறதில் நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு வந்தாள்.

பவுல்சாமி வந்து காபியைத் தொடவில்லை. அகஸ்டினிடம் கேட்கவும் இல்லை. பெரிய மனுஷன் இங்கிதம், முதலில் தாயாரிடம் பேசினார்.

"என்ன ஆரோக்கியம்மா, பெரிய புதுமையாச்சே. பையனுக்குக் கண்ணுல என்ன ஆச்சு?"

அதற்காகவே நாலு வருஷம் காத்திருந்த மாதிரி அந்த அம்மாள் கொட்டினாள். "அத்த ஏன் சார் கேக்குறீங்க. அந்தப் பாழாப்போன கறுப்புக் கண்ணாடி வெடிச்சு, வெயிலு நேரா கண்ணுக்குள்ள பூந்துச்சு. நூல் கோக்கத் தெரியாது, எறும்பு போனா தெரியாது. ராவுல அழுவான் சார் புள்ள. யார்கிட்டயும் சொல்லாத சொல்லாதன்னு ரெண்டும் எங் கைய புடிச்சுக்கினு கெஞ்சுச்சுங்க."

"அப்போ தகடெல்லாம் எப்படி அளந்தான்?"

"அவன் எங்க அளந்தான்? இவதான் சார். மத்தியானம் முச்சூடும் குனிஞ்சு குனிஞ்சு கழுத்தே கோணிக்கினு பூட்ச்சு எம் மருமவளுக்கு. இவ சொல்லுவா, அவன் எழுதுவான். எம்புள்ளைக்குக் கண்ணே இவதான்."

அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. பவுல்சாமி அகஸ்டின் பக்கம் திரும்பினார். மர்சலினும் திரும்பினாள். இதுதான் நேரம். அம்மா பாதி சொல்லிவிட்டாள், அவன் ஆமாம் என்றால் போதும்.

"சார்..." என்றான் அகஸ்டின். காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

பவுல்சாமி கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். பேச்சு யாருக்கு என்று தெரியாத மாதிரி சுவரைப் பார்த்துப் பேசினார்.

"கட்டுரைல முதல் பக்கத்துல, எல்லா அளவும் நானே எடுத்ததுன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். கீழ நானும் போட்டிருக்கேன். அளந்தது வேற ஆளுன்னா அது பொய்ச் சத்தியம். பட்டத்தைப் பிடுங்குவாங்க. காலேஜ் வேலையும் நிக்காது. எனக்கும் இந்த வயசுல தலைகுனிவு. ஆனா அளவெல்லாம் நிக்கும், நல்ல அளவு."

கைத்தடியை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டு அவரே மேலே சொன்னார்.

"அவனேதான் அளந்தான், கண்ணு கெட்டுப்போனதைச் சொல்ல வெக்கப்பட்டான்னா, அது வியாதி. குத்தம் இல்லை. பட்டம் இருக்கும். ஃபெல்லோஷிப் போகும், அதை நான் எழுதித்தான் ஆகணும். அளவுங்களையும் நம்பக்கூடாதுன்னு எழுதணும். தகடெல்லாம் திரும்ப வேற ஆள் முதல்லேருந்து அளப்பான்." அவர் கடைசியில் மர்சலினைப் பார்த்தார். "ஏம்மா, நீ சொல்லு. யார் அளந்தது?"

மர்சலின் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் ஜன்னலோரம் நின்று சொன்ன வார்த்தையை இப்போது சொல்லுவான் என்று காத்திருந்தாள். தூறல் மழையானது. அகஸ்டின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

"அவர்தான் அளந்தாரு சார்," என்றாள்.

"இன்னாமே!" என்று ஆரோக்கியமேரி பதறினாள். "ஏம்மே பொய் சொல்ற? எங் கண்ணால பாத்துக்கினு கீறேன்..."

"உங்களுக்குத் தெரியாது அத்தே. நான் வெளிச்சம் காட்டினேன். காகிதம் நகர்ந்தா சரி பண்ணினேன். அவ்வளவுதான்."

"நாலு வருஷமும்?" என்றார் பவுல்சாமி.

"நாலு வருஷமும்."

புரொபசருக்கு அது பொய் என்று தெரியும். அந்தப் பொய்தான் அவருக்கும் வேண்டியிருந்தது. ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாரம்மா என்று எழுந்தார். தகடுகளுக்கு நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மர்சலின் தலையாட்டினாள். மழையில் அவரைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவிட அகஸ்டின்தான் போனான்.

திரும்பி வந்தவன் கதவைச் சாத்திவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தான். "என்னைக் காப்பாத்திட்டே மர்சலின்," என்றான். அழுதான். அவள் அவன் தலையைத் தொடவில்லை. எழுந்து போய் ஆறிப்போன சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் போட்டுக்கொண்டு வந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

தகடுகளை அவளே பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். ஒன்றுகூட உடையவில்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஆரோக்கியமேரி தனியாகப் போய் வெள்ளிக் கண்ணை வைத்துவிட்டு வந்தாள். வாய்ச் சவடாலுக்குப் பேர்போன அந்த அம்மாள், தான் எந்த வார்த்தையால் வீட்டைக் கவிழ்த்தோம் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டுவிட்டாள். மலைக்கு சுவாமிநாதன் போனான்.

அடுத்தடுத்த வருஷத்தில் என்னென்னமோ நடந்தது. சுதந்திரம் வந்தது, காந்தி போனார், அகஸ்டின் காலேஜில் அதே இடத்தில் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தான். டாக்டர் அகஸ்டின் என்று வாசலில் பலகை இருந்தது. மர்சலின் மறுபடி கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மாவாகப் போனாள். நாற்பத்தெட்டாம் வருஷக் கடைசியில் ஒரு நாள் மாலை அகஸ்டின் காலேஜ் லைப்ரரியிலிருந்து ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகையை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். நிற்காமல் நேரே அவளிடம் நீட்டினான்.

"சுவாமிநாதன் எழுதினது. எழுத்து பொடி, எனக்குத் தெரியல. கொஞ்சம் படியேன்."

பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடி வைத்துவிட்டு வாங்கினாள். ஜோடிப் புள்ளிகளைப் பற்றியது. முன்னால் போகிறது ஒரு வேகம், பின்னால் வருகிறது ஒரு வேகம். நல்ல வேலைதான், பையன் ஒழுங்காகச் செய்திருந்தான். அட்டவணையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். பாதிக்கு மேல் அவளுக்குப் பத்திரிகையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"ஒத்துப்போகுதா? நம்மளோடதோட?" என்று ஆவலாகக் கேட்டான் அகஸ்டின்.

"என்னோடதோட ஒத்துப்போகுது."

பக்கத்தின் அடியில் அதைவிடப் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அவள் அதையும் படித்தாள். சென்னையில் முன்பு எடுக்கப்பட்ட அளவுகள், அளந்தவரின் பார்வைக் குறைவால் நம்பத்தகாதவை என்று தள்ளப்பட்டன.

"போதும் மர்சலின், விடு."

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்குங்க," என்று அவள் தாளைத் திருப்பினாள். அவன் எழுந்து போகப் பார்த்தான். உட்காருங்க என்றாள். உட்கார்ந்தான். அடுத்த அட்டவணையின் முதல் எண்ணிலிருந்து அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.